"எங்க வீடு என்ன கலர், தம்பி?"

குன்னூர்ப் பக்கம் ஒரு ஊரில் கள ஆய்வு. டேப்லெட்டில் மண்சரிவு அபாய வரைபடத்தைத் திறந்ததும், திண்ணையில் இருந்த பாட்டி எட்டிப் பார்த்துக் கேட்ட கேள்விதான் தலைப்பு. மஞ்சள் என்றேன். நடுத்தர ஆபத்து. "அப்ப பயமில்ல" என்று வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

கொல்லைப்பக்கம் போனால் வயிற்றைக் கலக்கியது. புது அறைக்காக மலையை இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். தடுப்புச் சுவர் இல்லை. மேல்வீட்டுக் கழிவுநீர் அந்த வெட்டின் விளிம்பிலேயே விழுந்துகொண்டிருந்தது.

வரைபடத்தின் பார்வை அவ்வளவுதான். நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் இலவச உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 சென்ட். அத்தனைக்கும் ஒரே உயரம், ஒரே சரிவு. பாட்டி வீட்டு வெட்டு அதில் கரைந்தே போகும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசிய வரைபடம் 1:50,000 அளவிலானது. அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். எந்த வட்டாரத்தைக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்லும். எந்த வீட்டை என்று சொல்லாது.

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரிவு, மண், பாறை, ஓடையிலிருந்து தூரம் என்று ஒவ்வொரு அடுக்குக்கும் மதிப்பெண் போட்டுத்தான் வண்ணம் தீட்டுகிறோம். அந்த மதிப்பெண் பழைய மண்சரிவுகளின் பட்டியலிலிருந்து வருகிறது. சாலை அடைபட்டு பஸ் நின்றால்தான் மண்சரிவு பதிவாகும். காட்டுக்குள் சரிந்ததை யார் எழுதி வைத்தார்கள்? அதனால் சில வரைபடங்கள் சாலைகளையே சிவப்பாக்கிக் காட்டும்.

எப்போது சரியும் என்பதோ மழையின் கையில். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவானது 820 மி.மீ. அந்த மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் பாட்டி சொன்னார்: "முன்னாடி இங்க ஒரு ஓடை இருந்துச்சு. மண்ணக் கொட்டி மேடாக்கிட்டாங்க." எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் எனக்குக் கிடைக்காத தகவல். அவர் கைகாட்டிய வழியே நடந்து, ஜிபிஎஸ்ஸில் நீலக் கோடாகப் பதிந்தேன்.

தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போய்த் திறக்காத கதவு: இதில் ஒன்றைப் பார்த்தாலும் வெளியேறிவிட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள். வீடு எந்த வண்ணத்தில் இருந்தாலும் சரி.

பாட்டியிடம், கனமழை எச்சரிக்கை வந்தாலே மகள் வீட்டுக்குப் போய்விடச் சொன்னேன். "ஆடு இருக்கே தம்பி" என்றார்.