‘ஆன்சர் எவ்வளவு சார் வரணும்?’

பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசலைக் கட்டும் முன்பே பிள்ளைகள் கேட்பது இதைத்தான். ஊசல் ஆடும் நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தை (g) கண்டுபிடிக்கும் சோதனை அது. 9.8 என்று சொல்லிவிட்டால் ரீடிங்குகள் தாமாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு மீட்டர் ஊசலுக்கு இருபது அலைவு 40.5 விநாடி என்றால் விடை 9.63. ரப்பரை எடுத்து அதை 40.1 ஆக்கினால் 9.82. வேலை முடிந்தது.

இதை ஏமாற்று என்று திட்ட எனக்கு மனம் வருவதில்லை. அறிவு புத்தகத்தில் அச்சேறி முடிந்துவிட்டது, சோதனை அதற்குச் சாட்சி சொல்லத்தான் என்ற தத்துவத்தை ஊட்டியவர்கள் நாம்தானே. மதிப்பெண்ணும் விடைக்குத்தான் போடுகிறோம்.

பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672-ல் தென்னமெரிக்காவில், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயெனுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. அவர் ரப்பரைத் தேடவில்லை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தார். அளவில்தான் பிழை என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 1687-ல் வந்த ‘பிரின்சிபியா’ நூலில், பூமி நிலநடுக்கோட்டில் புடைத்திருக்கிறது, அங்கே ஈர்ப்பு குறைவு என்ற தன் வாதத்துக்கு நியூட்டன் இந்த அளவையும் எடுத்துக்கொண்டார். சென்னையில்கூட g-இன் மதிப்பு ஏறத்தாழ 9.78தான்.

பொய் என்று நிரூபிக்க வழியுள்ளதே அறிவியல் கோட்பாடு என்றார் தத்துவவாதி கார்ல் பாப்பர். இதை வகுப்பில் சொன்னதும், “அப்போ எனக்கு 9.63 வந்தா நியூட்டன் தப்பா சார்?” என்று ஒருவன் நிச்சயம் கேட்பான். நல்ல கேள்வி. அதற்கு பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906-லேயே பதில் வைத்திருந்தார்: சோதனைக் கூண்டில் ஒரு விதி தனியாக நிற்பதில்லை; கருவியும் நாம் நம்பி எடுத்துக்கொண்ட மற்றவையும் சேர்ந்தே நிற்கின்றன. நீளத்தைக் கொக்கி வரை மட்டும் அளந்து, குண்டின் ஒரு சென்டிமீட்டர் ஆரத்தை விட்டுவிட்டால் 9.8 என்பது 9.7 ஆகிவிடும். இருபது டிகிரிக்கு இழுத்துவிட்டால் இன்னும் குறையும்.

என் ஆய்வகத்தில் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். விடைக்குக் கீழே, ஏன் இப்படி வந்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும். காரணத்தோடு வந்த 9.65-க்கு, காரணமில்லாத 9.8-ஐ விட அதிக மதிப்பெண். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடுபவருக்கு இதையெல்லாம் படிக்க நேரமிருக்காது. அதனால் வகுப்பு ரெக்கார்டில்தான் இதைச் செய்ய முடிகிறது.