சத்து மாத்திரைன்னு சொல்லித்தான் குடுப்பாங்க

ஒரு பிளேயர் டோப் டெஸ்ட்ல மாட்டிக்கிட்டான்னு நியூஸ் வந்தா போதும், மறுநாள் டீக்கடையில எல்லாருக்கும் ஒரே பேச்சுதான், "களவாணிப்பய, நாட்டு மானத்த வாங்கிட்டான்". திட்டட்டும், ஏமாத்துனது ஏமாத்துனதுதான். ஆனா நான் பாளையங்கோட்டையில பிசியோதெரபி பாக்குறவன், கபடி பயலுவ, அண்ணா ஸ்டேடியத்துல ஓடுற பிள்ளைய, போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடியாகுறவனுவன்னு தினமும் யாராவது முழங்காலையோ தோளையோ பிடிச்சிக்கிட்டு வந்து நிப்பானுவ, அவனுவகிட்ட பேசிப்பேசி ஒரு விஷயம் எனக்கு நல்லாவே புரிஞ்சி போச்சு. இந்த ஏமாத்து வேலைய எந்தப் பயலும் தானா கண்டுபிடிக்கிறதில்ல, அவனுக்கு மேல உள்ள ஒருத்தர், கோச்சோ அப்பாவோ டீம் சீனியரோ கமிட்டிக்காரரோ, கையில எடுத்துக் குடுத்துத்தான் ஆரம்பிக்குது. மாட்டும்போது மட்டும் பயல் தனியா நிப்பான்.

முதல்ல வயசுல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா மருந்துக்கு முன்னாடியே வர்ற பொய் அதுதான்.

ஒரு பையன் மணிக்கட்டுல அடிபட்டு வந்தான், விளையாடுனது அண்டர்-14 டோர்னமென்ட். எக்ஸ்ரேய தூக்கிப் பிடிச்சிப் பாத்தா முன்கை எலும்பு நுனியில ஒரு கறுப்புக் கோடு தெரியணும், வளர்ச்சித் தட்டுன்னு சொல்லுவோம், 13, 14 வயசுல அது நல்லாவே தெரியும், இவனுக்கு கிட்டத்தட்ட மூடிப்போயிருந்துச்சு. எலும்பு வயசு ஆளுக்கு ஆள் ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், அத மட்டும் வச்சி ஒருத்தன களவாணின்னு சொல்லிற முடியாது, சரிதான். ஆனா நான் வாயத் தொறக்கும் முன்னாலயே அவங்கப்பா முந்திக்கிட்டாரு, "சார், ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் போட்ட தேதி சார், நமக்கு என்ன தெரியும்". பையன் தலையக் குனிஞ்சிக்கிட்டான். அவனுக்கு தெரியும், அவங்கப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம தாத்தா காலத்துல ஹெட்மாஸ்டர் பாத்து ஜூன் மாசம் ஒரு தேதிய போட்டு விட்டது உண்மைதான், இப்ப பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில நடக்குது, சர்டிபிகேட் உடனே கையில வந்துருது, இன்னும் அந்தக் கதைய சொன்னா எப்படி?

இதுக்குத்தான் கிரிக்கெட் போர்டு அண்டர்-16 பசங்களுக்கு இடது கை எக்ஸ்ரே எடுத்து டிடபிள்யூ3-ன்னு ஒரு முறையில எலும்பு வயசு பாக்குது, உலக புட்பால் அமைப்பு பிபா 2009-ல இருந்து அண்டர்-17 உலகக் கோப்பைக்கு மணிக்கட்டுல எம்ஆர்ஐ எடுக்குது. 2020-ல கிரிக்கெட் போர்டு ஒரு சான்ஸும் குடுத்துச்சு, வயசக் குறைச்சவங்க தானா வந்து ஒத்துக்கிட்டா தண்டனை இல்ல, மறைச்சி மாட்டுனா ரெண்டு வருஷம் தடைன்னு. 14 வயசுல ரெண்டு வயசக் குறைச்சி ஜெயிச்ச பையன் 18-ல நிஜமாவே தன் வயசுக்காரனுவ கூட மோதும்போது தோத்துருவான். அப்பத்தான் யாராவது ஒருத்தர் ஒரு டப்பாவோட வருவாரு.

நம்ம பக்கம் கபடின்னா உசுரு. ஹிரோஷிமா 1994 ஏசியாட்ல தங்கம் ஜெயிச்ச டீம்ல நம்ம மணத்தி கணேசன் இருந்தாருல்லா, அந்தப் பேரச் சொல்லி வளந்த பயலுவதான் எல்லாரும். கோயில் கொடைக்கு, பொங்கலுக்கு ராத்திரி லைட் போட்டு மேட்ச், போஸ்டர்லயே 55 கிலோ, 65 கிலோன்னு எடைப்பிரிவு போட்டிருக்கும். 68 கிலோ இருக்கவன 65-ல இறக்கணும்னா என்ன செய்வாங்க தெரியுமா, ரெண்டு நாள் தண்ணி குடிக்க விட மாட்டாங்க, நீர் பிரியுற மாத்திரை குடுப்பாங்க, பிரஷர் உள்ளவங்களுக்கும் கால் வீங்குனவங்களுக்கும் டாக்டர் எழுதுற பியூரோசமைடுதான் அது. சித்திரை வெயில்ல உடம்புல உள்ள தண்ணியெல்லாம் போயி, பொட்டாசியம் எறங்கி, அந்த நெலமையில ராத்திரி ரைடு போறான். கெண்டைக்கால் பிடிச்சிக்கிட்டா என்கிட்ட வருவான், இதயத் துடிப்பு தாறுமாறா ஆயிட்டுன்னா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும். இந்த மாத்திரை வாடான்னு சொல்ற உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட தடைப் பட்டியல்ல இருக்கு, எடை குறைக்கிறதுக்காக மட்டும் இல்ல, மத்த மருந்த யூரின்ல மறைக்கவும் இத போடுறாங்கன்னு. மாத்திரை குடுத்த அண்ணாச்சிக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் "ஊருக்காக ஒரு நாள் தாங்கிக்கோல"ன்னு சொல்லுவாரு.

அடுத்தது மெபன்டர்மைன் ஊசி. ஆபரேஷன் நடக்கும்போது மயக்கத்துல பேஷன்டுக்கு பிபி எறங்கிச்சின்னா மயக்க டாக்டர் போடுற மருந்து, இத ஜிம்ல, செலக்‌ஷன் கிரவுண்டுல போடுறானுவ, ஓடுனா களைப்பே தெரியலன்னு. தமிழ்நாட்டுல இத வித்து கைதான செய்தியெல்லாம் பேப்பர்ல பாத்திருப்பீங்க. களைப்புன்னா உடம்பு "போதும், நிறுத்து"ன்னு சொல்லுதுன்னு அர்த்தம், அந்த வாயப் பொத்திட்டு ஓடுனா பிபி ஏறும், படபடப்பு வரும், கொஞ்ச நாள்ல ஊசி இல்லாம இருக்க முடியாம போயிரும்.

ஸ்டீராய்டு கத தனி. ஒரு ரைடர், நல்ல பையன், கொஞ்ச மாசத்துல தோளு ரெண்டும் உருண்டு திரண்டுட்டு, முதுகு பூரா பரு, முழங்கைகிட்ட பைசெப்ஸ் தசைநார் அறுந்து தசை மேல சுருண்டு நிக்குது. "ஏல, என்னல போட்ட?" "ஒண்ணும் இல்ல சார், சத்து மாத்திரை." "பேரு என்ன?" "தெரியாது சார், பேரு இருக்காது, வெள்ள டப்பால அண்ணன் குடுத்தாவ." தசை வளர்ற வேகத்துல தசைநார் வளராது, சைக்கிள்ல டிராக்டர் இன்ஜின மாட்டுன கணக்கா ஒருநாள் பிச்சிக்கிட்டு வந்துரும். அதவிட அவன் வெக்கப்பட்டு கடைசியா சொன்னதுதான் முக்கியம், மார்பு பொம்பளைப் பிள்ளைங்க மாதிரி வீங்கி வலிக்குதுன்னு. வெளிய இருந்து ஹார்மோன் போகப்போக உடம்பு தன் சொந்த ஹார்மோன் சுரக்குறத நிறுத்திரும், விதை சுருங்கும், பின்னால கல்யாணம் முடிஞ்சி குழந்தை இல்லன்னு அலையுறப்ப இந்த வெள்ள டப்பாவ யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. மாத்திரையா போடுறதுல பல வகை ஈரலையும் அடிக்கும்.

இந்த "சத்து மாத்திரை" நம்ம ஊரு கண்டுபிடிப்புன்னு நினைச்சிராதீங்க. கிழக்கு ஜெர்மனியில அரசாங்கமே ஆயிரக்கணக்கான பிளேயர்களுக்கு, அதுல சின்னப் பிள்ளைங்களும் உண்டு, வைட்டமின்னு சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை குடுத்துச்சு, நீச்சல் பிள்ளைங்களுக்கு குரலே ஆம்பளைக் குரலா மாறிப்போச்சு. அந்த நாட்டு விளையாட்டுத் துறை தலைவரா இருந்த மான்பிரெட் எவால்டுக்கு 2000-ல பெர்லின் கோர்ட்டு குடுத்தது 22 மாசம், அதுவும் ஜெயிலுக்கே போக வேண்டாத தண்டனை. சிட்னி 2000 ஒலிம்பிக்ல அஞ்சு மெடல் வாங்குன அமெரிக்க ஓட்டக்காரங்க மரியன் ஜோன்ஸ், கோச் குடுத்தத ஆளி விதை எண்ணெய்னு நினைச்சேன்னு 2007-ல சொன்னாங்க, விசாரணையில பொய் சொன்னதுக்காக ஆறு மாச ஜெயில் தண்டனையும் வாங்குனாங்க. நம்ம நாட்டுலயே 2010 காமன்வெல்த்லயும் ஏசியாட்லயும் தங்கம் ஜெயிச்ச 4x400 ரிலே பொண்ணுங்கள்ல மூணு பேரு மறு வருஷம் ஸ்டீராய்டுல மாட்டுனாங்க, உக்ரைன் கோச் குடுத்த ஜின்செங்ல இருந்து வந்துருக்கும்னு சொன்னாங்க, கோச்ச வேலைய விட்டு தூக்குனாங்க, பிள்ளைங்களுக்கு முதல்ல ஒரு வருஷ தடை, அப்புறம் அப்பீல்ல ரெண்டு வருஷமாச்சு. வைட்டமின், எண்ணெய், வேரு. பேரப் பாருங்க, எல்லாம் பாட்டி வைத்தியம் மாதிரியே இருக்கு.

மருந்து இல்லாத ஏமாத்துலயும் இதே கததான். 2010 லார்ட்ஸ் டெஸ்ட்ல காசு வாங்கிட்டு நோ-பால் போட்டப்ப பாகிஸ்தான் பவுலர் முகமது அமீருக்கு வயசு 18, கேப்டன் சல்மான் பட். 2018 கேப்டவுன்ல பந்த சுரண்டுற உப்புத்தாள பேன்ட்டுக்குள்ள ஒளிச்சது ஆஸ்திரேலியாவோட பான்கிராப்ட், டீமுக்கு புதுசு, யோசனை வைஸ் கேப்டன் வார்னரோடது, கேப்டன் ஸ்மித் தெரிஞ்சும் தடுக்கல. கேமராவுல விழுந்தது யாரு கைன்னு பாருங்க. இதுல ஒண்ண சொல்லியாகணும், அங்க பெரியவங்களையும் தண்டிச்சாங்க, பட்டுக்கு 30 மாசம் ஜெயில், அமீருக்கு 6 மாசம் ஜெயில், வார்னருக்கும் ஸ்மித்துக்கும் ஒரு வருஷம் தடை, பான்கிராப்ட்டுக்கு 9 மாசம் தடை. எனக்கு அது சரின்னு படுது. அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் விஷயத்துல பிளேயரே அந்தப் பெரியவர் ஆயிட்டாரு, தான் போட்டது பத்தாதுன்னு டீம்ல உள்ளவனையும் போடச் சொல்லி நெருக்குனாருன்னு 2012 ரிப்போர்ட் சொல்லுது, ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டமும் போச்சு. அத்தன வருஷமும் டெஸ்ட்ல தப்பிச்சி தப்பிச்சி வந்தவர மாட்டிவிட்டது கூட ஓட்டுனவங்க குடுத்த சாட்சிதான்.

சரி, நம்ம நெலமை என்ன? 2023-ல இந்தியாவுல 5606 சாம்பிள் எடுத்ததுல 213 பாசிட்டிவ், 3.8 சதவீதம், நிறைய டெஸ்ட் எடுக்குற நாடுகள்ல நம்மதான் மோசம். அதே வருஷம் செப்டம்பர்ல டெல்லி ஸ்டேட் மீட் நடந்துச்சு, டோப் டெஸ்ட் எடுக்குற நம்ம நாட்டு அமைப்பான நாடாவோட ஆளுங்க வந்திருக்காங்கன்னு தெரிஞ்ச உடனே ஆம்பளைங்க 100 மீட்டர் பைனல்ல ஓடுனது ஒரே ஒரு ஆள்தான், ஸ்டீபிள்சேஸ்ல ஒரு பொண்ணு பினிஷ் லைன தாண்டியும் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு, பின்னாலயே டோப் ஆபீசரும் ஓடுனாரு. சிரிப்பு வருதுல்லா, எனக்கும் வந்துச்சு, அப்புறம் அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்னு யோசிச்சேன்.

ரூல் என்னன்னா, உன் உடம்புக்குள்ள என்ன இருக்கோ அதுக்கு நீதான் பொறுப்பு. கோச் குடுத்தாரு, மெடிக்கல்ல குடுத்தாங்க, எதுவும் செல்லாது, ரொம்ப போனா தண்டனை கொஞ்சம் குறையும். நம்ம திருச்சி கோமதி, 2019 தோஹா ஆசிய தடகளப் போட்டியில 800 மீட்டர் தங்கம் வாங்குனப்ப தமிழ்நாடே கொண்டாடுச்சு, நாண்ட்ரோலோன்ங்குற ஸ்டீராய்டுல பாசிட்டிவ் வந்து மெடல் போயி நாலு வருஷ தடை, தடை செஞ்ச மருந்து எதுவும் எடுத்ததே இல்லன்னுதான் அவங்க சொன்னாங்க. ரூல் கேக்காது. கொடுமையா இருந்தாலும் வேற வழி இல்லன்னுதான் நானும் நினைக்கேன், இல்லன்னா எல்லாரும் அடுத்தவன கைகாட்டிட்டு போயிருவான். ஆனா குடுத்தவனுக்கு நாலு வருஷத்துல இருந்து ஆயுள் தடை வரைக்கும் அதே ரூல் புக்குலயே இருக்கு, அந்தப் பக்கத்த எத்தன தடவ புரட்டியிருக்காங்க?

தெரியாம மாட்டுறதும் இருக்கு. பிரித்வி ஷாவுக்கு 2019-ல எட்டு மாசம் தடை, காரணம் இருமல் மருந்துல இருக்க டெர்பியூட்டலின். ஷேன் வார்னே 2003-ல ஒரு வருஷம் வெளிய இருந்தாரு, மெலியுறதுக்கு அம்மா குடுத்த நீர் மாத்திரைன்னு சொன்னாரு. நம்ம ஊருல இதவிட பெரிய ஆபத்து செட் மாத்திரை. உடம்பு வலிக்குது, ரெண்டு வேளைக்கு செட் போட்டுக் குடுங்கன்னு கேட்டா, மெடிக்கல்ல நாலு மாத்திரைய வெட்டிப் பொட்டலம் கட்டித் தருவாங்க, அதுல குட்டியா ஒண்ணு பெரும்பாலும் டெக்சாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோதான், போட்ட ஒரு மணி நேரத்துல வலி பறந்துரும். போட்டி நேரத்துல வாய் வழியா அது தடை. யூரின் குடுக்கும்போது எந்த மாத்திரை போட்டேன்னு ஆபீசர் பாரத்துல எழுதச் சொல்லுவாரு, பொட்டலத்தோட பேரையா எழுதுறது?

அதனால பெத்தவங்களுக்குச் சொல்றேன், பையன் பையில அட்டை இல்லாத மாத்திரை, லேபிள் இல்லாத டப்பா, சிரிஞ்சு இருந்தா அடிக்காதீங்க, யாரு குடுத்தாங்கன்னு கேளுங்க, அவர நேர்ல போயி பாருங்க. ஸ்டேட் லெவல் போற பிள்ளைய காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போனாலும் "நான் ஸ்போர்ட்ஸ்ல இருக்கேன், டோப் டெஸ்ட் வரும்"னு மொதல்லயே சொல்லணும், நாடாவோட நோ யுவர் மெடிசின் ஆப்ல மருந்துப் பேரப் போட்டுப் பாக்கணும். ஆஸ்துமா மாதிரி நெசமாவே நோய் இருந்து தடைல உள்ள மருந்து வேணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்க வழி இருக்கு.

ஏற்கனவே போட்டுக்கிட்டு இருக்கவனுக்கு ஒண்ணு. செட் மாத்திரையில உள்ள அந்த டெக்சாமெத்தசோன ரொம்ப நாளா போட்டவன் இத படிச்சிட்டு பயந்துபோய் இன்னைக்கே டக்குன்னு நிறுத்திராத, உடம்பு சுரப்ப நிறுத்தியிருக்கும், திடீர்னு விட்டா பிபி எறங்கி மயக்கம் போட்டு ஐசியூ வரைக்கும் போகலாம், டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். தசை வளர ஸ்டீராய்டு போட்டவன் ஹார்மோன் டெஸ்ட், லிவர் டெஸ்ட், இதயத்துக்கு ஒரு எக்கோ எடுத்துப் பாரு. எந்த டாக்டர்கிட்ட போனாலும் என்ன போட்ட, எவ்வளவு நாளா போட்டன்னு மறைக்காம சொல்லு, டாக்டர் ஒண்ணும் நாடாவுக்கு போன் போட்டு உன்ன காட்டிக்குடுக்கப் போறதில்ல. டப்பா மிச்சம் இருந்தா தூரப் போடாத, அதையும் கையில எடுத்துட்டுப் போ.