பத்துப் பேர் வந்தால் 25 நிமிடம், பதினோரு பேர் வந்தால் 55

ஒரு கவுன்ட்டர். மணிக்குச் சராசரியாக 10 பேர் வருகிறார்கள். ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக 5 நிமிடம், அதாவது மணிக்கு 12 பேரைக் கவனிக்கலாம். அப்படியிருந்தும் வரிசை நீள்கிறது. உடனே பழி விழுவது ஊழியர் மீது. பல நேரங்களில் அது அநியாயமான பழி.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு, அதாவது காத்திருக்கும் வரிசைகளின் கணிதம். அதன் மிக எளிய கணித மாதிரியே இங்கே போதும். வருவோர் 10, மிச்சமுள்ள திறன் 12–10=2. பத்தை இரண்டால் வகுத்து 5 நிமிடத்தால் பெருக்கினால், சராசரிக் காத்திருப்பு 25 நிமிடம். மணிக்கு ஒரே ஒருவர் கூடட்டும்: 11÷1×5=55 நிமிடம்! மக்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. யாரும் வராத பத்து நிமிடத்தைச் சேமித்து வைத்து, கூட்டம் வரும்போது எடுத்துச் செலவழிக்கவும் முடியாது. திறன் முழுவதையும் பயன்படுத்தத் துடிக்கும் நிர்வாகங்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இதே 11 பேருக்கு இரண்டாவது கவுன்ட்டரைத் திறந்து, வரிசையை மட்டும் ஒன்றாகவே வைத்தால் காத்திருப்பு சுமார் 1 நிமிடம் 20 விநாடிதான்.

சூத்திரம் சுலபம். தவறு நேர்வது அளவெடுப்பதில். ஒருவர் எழுந்து போனபின் பதிவேட்டில் எழுதுவது, அடுத்தவரின் கோப்பைத் தேடுவது எல்லாமே சேவை நேரம்தான். அதற்காகும் ஒரு நிமிடத்தை விட்டுவிட்டு சேவை நேரம் 4 நிமிடம் என்று குறித்தால், 55 நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் மாதிரி 11 நிமிடம் என்று சொல்லும். நாள் முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால் காலை நெரிசல் அதற்குள் மறைந்துவிடும், மணிவாரியாகப் பிரியுங்கள். வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களையும் வரவில் சேருங்கள்.

முன்பதிவு நேரப்படி ஆட்கள் வரும் இடத்துக்கு இந்த மாதிரி பொருந்தாது. வரவு தாறுமாறாக இருந்து, எல்லோருக்கும் மிகச் சரியாக 5 நிமிடமே ஆகுமென்றால் காத்திருப்பு பாதியாகும். திறன் நிரம்பும் தறுவாயில் வரும் எண்கள் நீண்டகாலச் சராசரி. சில மணி நேரப் பணிக்குள் வரிசை அந்த அளவை எட்டாமலும் போகலாம்.

நீங்கள் குறித்த அளவுகளைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்பவர்களை எண்ணிச் சராசரி எடுங்கள். மணிக்கு வருவோர் எண்ணிக்கையை, மணிக்கணக்கில் காத்திருப்பு நேரத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும்: 11 பேர், 55 நிமிடம் என்றால் சுமார் 10 பேர். வெகுவாக விலகினால் மாதிரியில் கை வைக்காதீர்கள். முதலில் நேரம் குறித்த விதத்தைச் சரிபாருங்கள்.