உறுதிமொழித் தாளில் இரண்டு வரிகள்

வேட்புமனு தாக்கல் நடக்கும் நாட்களில் என் அலுவலகத்தில் நோட்டரி முத்திரைக்கு ஓய்வே இருக்காது. அப்படி ஒரு நாள் மாலையில் அரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், பிரமாணப் பத்திரம் முழுவதிலும் கையெழுத்திட்டு முடித்த பிறகும் எழுந்து போகாமல், உறுதிமொழி வாசகம் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதில் "கடவுளின் பெயரால் ஆணையிட்டு" என்றும் "உளமார உறுதிகூறி" என்றும் இரண்டு வரிகள் மாற்று வாசகங்களாக இருந்தன. "சார், இதுல எதைப் படிச்சா ஓட்டுப் போகாது?" என்று கேட்டார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன், கேள்வியை மாற்றவில்லை.

சட்டத்தின் பதில் எளிது. வேட்பாளராக நியமிக்கப்பட்டவர் மனுப் பரிசீலனை நாளுக்கு முன்பாக, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்றும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்றும் உறுதியேற்க வேண்டும். அதைக் கடவுளின் பெயரால் ஏற்பதா, உளமார ஏற்பதா என்பது முழுக்க அவருடைய விருப்பம். இந்த விருப்பம் எல்லா நாட்டிலும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1880-ல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகரான சார்லஸ் பிராட்லா, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுதிமொழித் தகராறு தீர்ந்து அமர 1886 வரை காத்திருந்தார். நம் அரசியல் நிர்ணய சபையிலும், முகப்புரையைக் "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டுமென 1949 அக்டோபர் 17 அன்று எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தம் 41-க்கு 68 என்ற வாக்குகளில் தோற்றது. வேட்புமனுவிலும் 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்திலும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் கேட்கப்படுகின்றன. மதம் என்று ஒரு கட்டம் கிடையாது.

படிவம் கேட்காததை ஊர் கேட்கிறது என்பதுதான் அந்த இளைஞரின் கவலை. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தாரா, தீ மிதிக்கிற அன்று ஊரில் இருந்தாரா, நெற்றியில் திருநீறு இல்லாமல் ஏன் வருகிறார், அவர் அத்தை வீட்டில் ஏன் சிலுவை மாட்டியிருக்கிறது என்று தேநீர்க் கடையில் தொடங்கும் விசாரணை, வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் கைப்பேசிகளில் படமாகச் சுற்றுகிறது. மதம் எதுவானாலும் இந்த விசாரணையின் தன்மை மாறுவதில்லை. ஜமாத்தில் முகம் காட்டாதவர், ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் என்று அந்தந்த வட்டத்துக்குள்ளும் இதே கணக்குப் பார்க்கிறார்கள்.

இதில் எது வெறும் ஊர்ப் பேச்சு, எது சட்டம் தண்டிக்கும் செயல் என்று பிரித்தறிவது அவசியம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 123(3) பிரிவு, வேட்பாளரோ அவருடைய முகவரோ, அவர்களில் ஒருவரின் சம்மதத்தோடு வேறொருவரோ மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றைக் காட்டி வாக்குக் கேட்பதையும், வாக்களிக்காதே என்று சொல்வதையும் ஊழல் நடத்தை என்கிறது. "அவருடைய மதம்" என்று அப்பிரிவில் வரும் சொல் வேட்பாளரின் மதத்தை மட்டும் குறிக்குமா, வாக்காளரின் மதத்தையும் சேர்த்துக் குறிக்குமா என்ற கேள்விக்கு, அபிராம் சிங் வழக்கில் 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வாக்காளரின் மதமும் அடங்கும் என்று விடை சொன்னது. வழக்குக்கு மூலமான தேர்தல் 1990-ல் மும்பையில் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தை மட்டுமே நம்பியிருப்பவர்கள் அந்தக் கால இடைவெளியைக் கவனிக்க வேண்டும். காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் அடையாளத்தால் பட்ட துன்பத்தைத் தேர்தல் மேடையில் பேசுவதை அப்பிரிவு தடுக்கலாகாது என்று சிறுபான்மைத் தீர்ப்பு எழுதிய மூன்று நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். தீர்ப்பு அவர்கள் பக்கம் இல்லையென்றாலும், அந்தக் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, 123(2) பிரிவின் கீழ் வரும் முறையற்ற செல்வாக்கு. பென்னாகரம் பக்கம் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உறையில் பணத்தைக் கொடுத்தவர்கள், உள்ளங்கையில் வெற்றிலையை விரித்து, அதன்மேல் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, "மாத்திப் போட்டா சாமி குத்தம்" என்று சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். வெற்றிலை கருகிக் கை சுட்டதைவிட, பேரப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. குறிப்பிட்ட விதத்தில் வாக்களித்தால் தெய்வத்தின் சினத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதும், நம்பவைக்க முயல்வதும் அந்தப் பிரிவில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. கொடுத்த பணம் லஞ்சம் என்பது எல்லோருக்கும் தெரியும்; கொளுத்திய கற்பூரமும் தனியாக ஒரு குற்றச்சாட்டுக்கு இடம் தரும் என்பது தெரிவதில்லை. மிரட்டி வாங்கிய சத்தியத்தைச் சட்டம் எந்த விதத்திலும் மதிப்பதில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சாமி மதிக்குமா என்று கேட்டார். அதற்கு வழக்கறிஞரிடம் பதில் இல்லை.

இதுவரை சொன்னவை, சட்டம் தடுத்தும் நடக்கிற சோதனைகள். சட்டமே நடத்துகிற மதச் சோதனை ஒன்றும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் பதினொரு சட்டமன்றத் தொகுதிகளில் அரூரும் ஊத்தங்கரையும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதிகள். அவற்றில் போட்டியிட விரும்புபவர் தம் சாதியை அறிவித்தால் மட்டும் போதாது. 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுபவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்கிறது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறியவர் அதே தெருவில், அதே ஒதுக்குதலுக்குள் வாழ்ந்தாலும் அத்தொகுதியில் நிற்க முடியாது. பட்டியல் பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை இல்லை. மதம் மாறிய ஒரு பழங்குடியினர் பழங்குடித் தொகுதியில் நிற்கலாம். பொதுத்தொகுதி வேட்பாளர் எந்தச் சமயத்தவராகவும், எந்தச் சமயத்தையும் ஏற்காதவராகவும் இருக்கலாம். ஆகவே நம்பிக்கையைச் சட்டப்படி நிரூபிக்க வேண்டிய பாரம் ஒரே ஒரு பிரிவினர் தலையில் மட்டும் ஏற்றப்பட்டிருக்கிறது. இது சரியல்ல என்பது என் கருத்து. சாதியை மதத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. இதே பொருளை ஆராய 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையமும் அமைக்கப்பட்டது.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பக்கத்துக் குடும்பங்கள் சுரங்க வேலைக்குப் போன கோலார் தங்கவயல், அன்று மைசூர் சட்டமன்றத்தின் தனித்தொகுதி. அங்கே 1967-ல் வென்ற எஸ். ராஜகோபால், முன்பு கிறித்தவத்துக்கு மாறியவர் என்பதால் அவருடைய வெற்றி செல்லாமல் போனது. 1972-ல் அவரே மீண்டும் வென்றார், மீண்டும் வழக்கு. இம்முறை உச்ச நீதிமன்றம், அவர் இந்து சமயத்துக்குத் திரும்பிவிட்டார், ஆதிதிராவிடச் சமூகமும் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது என்று கண்டு அவர் வெற்றியை உறுதி செய்தது. கோயில் விழாவில் அவர் பங்கெடுத்ததும், பிள்ளைகளின் பள்ளிப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அங்கே சாட்சியங்களாக அலசப்பட்டன. ஒரு மனிதரின் வழிபாடு கோப்பில் கட்டப்பட்டு, எண்ணிடப்பட்டு, குறுக்கு விசாரணைக்கு வந்தது.

கேரளத்தின் தனித்தொகுதியான தேவிகுளத்தின் கதை இன்னும் அண்மையது. 2021-ல் வென்ற ஏ. ராஜா, கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதியேற்றபோது, அவருக்குத் தரப்பட்ட வாசகத்தில் கடவுளின் பெயரும் இல்லை, உளமார என்பதும் இல்லை. பிறகு மறுபடியும் உறுதியேற்க நேர்ந்தது. அவர் கிறித்தவர் என்று தோற்ற வேட்பாளர் தொடுத்த வழக்கில், தேவாலயப் பதிவேடுகளையும் திருமணப் படங்களையும் பார்த்த கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் வெற்றி செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வெற்றி செல்லும் என்றது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் நான்காண்டுகள் அதற்குள் ஓடிவிட்டிருந்தன.

எனவே தனித்தொகுதியில் நிற்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வட்டாட்சியர் தந்த சாதிச் சான்றிதழ் மனு ஏற்கப்படுவதற்கு உதவும். பின்னால் வரும் தேர்தல் வழக்கை அது தடுக்காது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றில் மதம் என்று எழுதியிருக்கும் இடங்களை மனு தாக்கலுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முரண்பாடு இருந்தால் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

எதிர்த்து வழக்குப் போட நினைப்பவர்களுக்கும் சில செய்திகள் உண்டு. சட்டமன்றத் தேர்தலுக்கான வழக்கை முடிவு வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 46-ஆம் நாள் வந்தவரைத் திருப்பி அனுப்பும் சங்கடம் எனக்கு நேர்ந்திருக்கிறது. மனு தாக்கலுக்கு முன்பு நடந்த பேச்சு ஊழல் நடத்தைக்குள் வராது, ஏனெனில் அப்போது அவர் சட்டத்தின் கண்ணில் வேட்பாளர் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பத்துப் பேருக்கு அனுப்புவதைவிட, முதலில் பதிவு செய்த கைப்பேசியைப் பத்திரப்படுத்துவது மேல். மின்னணுப் பதிவுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்று இல்லாமல் நகல் நிற்பது கடினம். கோயில், மசூதி, தேவாலய வளாகத்தில் கட்சிக் கூட்டம் நடந்தால், 1988-ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. தேர்தல் நடக்கும்போதே புகார் செய்யத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது.

அந்த இளைஞரிடம், எது உங்கள் மனத்துக்கு உண்மையோ அதைப் படியுங்கள் தம்பி என்று மட்டும் சொன்னேன். பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பினர், அவருடைய தங்கை தேவாலய வாசலில் மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்து ஆட்சேபம் எழுப்பினர். தங்கை காதலித்து மணந்தவர் கிறித்தவர். அண்ணன் படத்தின் ஓரத்தில், பந்திக்கு இலை எடுத்துக்கொண்டு போகிறவராகத் தெரிந்தார். தேர்தல் நடத்தும் அலுவலர் சான்றிதழைப் பார்த்து மனுவை ஏற்றார். தேர்தலில் அவர் தோற்றார். அவர் இரண்டு வரிகளில் எதைப் படித்தார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தங்கையின் திருமணப் படம் மட்டும் இன்னும் அவ்வப்போது யாராவது ஒருவர் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கிறது.