காலுக்கடியில் ஆடும் ஜாலி

"ஷவர் மூலையில கறுப்பா பிடிக்குது, எதைப் போட்டுத் தேய்ச்சாலும் திரும்ப வருது." எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். போனதும் நான் மூலையைப் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் போகும் ஜாலியின் ஓரத்தில் குதிகாலை வைத்து அழுத்துவேன்.

சமீபத்தில் ஒரு வீட்டில் அப்படி அழுத்தியபோது, ஜாலியை ஒட்டிய கிரவுட் கோட்டிலிருந்து (டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் பூச்சு) பழுப்பு நிறத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. காலை எடுத்ததும் உள்ளே போய்விட்டது. காலையில் குளித்தது, நான் போனது சாயங்காலம். மேலே டைல்ஸ் காய்ந்து கிடந்தது. அந்த வீட்டம்மா வாராவாரம் பிளீச் ஊற்றித் தேய்த்து, விரல் நுனியெல்லாம் உரிந்து போயிருந்தார். "அப்போ அழுக்கு இல்லையா இது?" என்று கேட்டார். இல்லை. தரைக்கு அடியில் தேங்கிய ஈரம், சுவர் ஓரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

டைல்ஸ் போட்டால் தண்ணீர் இறங்காது என்று பலரும் நினைக்கிறார்கள். டைல்ஸ் வழியாகப் பெரிதாக இறங்காதுதான், ஆனால் இடையில் இருக்கும் சிமெண்ட் கிரவுட் தண்ணீரை மெல்ல உறிஞ்சும். உண்மையில் நீரைத் தடுப்பது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் படலம். அந்தப் படலத்தில் வேண்டுமென்றே போட்ட ஒரே ஓட்டை, ட்ரெயின், அதாவது ஜாலிக்கு அடியில் இருக்கும் வடிகால் வாய் உட்காரும் இடம். அந்த இணைப்பு விட்டுப்போனால், ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் தண்ணீர் குழாய்க்குப் போகாமல் டைல்ஸுக்கு அடியில் இருக்கும் சிமெண்ட் கலவைக்குள் போகும்.

சரி, காலால் அழுத்தும்போது ஆடுவது எது என்று முதலில் பாருங்கள். மேலே இருக்கும் ஜாலி மட்டும் ஆடினால் பயமில்லை; ஸ்க்ரூவை முடுக்கினாலோ, துருப்பிடித்திருந்தால் மாற்றினாலோ முடிந்தது. ஜாலியைக் கழற்றிய பிறகு உள்ளே இருக்கும் ட்ரெயினின் உடம்பே விரலுக்கு அசைந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் அடியில் கலவையை நன்றாகத் திணிக்காமல் விட்டிருப்பார்கள். ஆள் ஏறி நிற்க நிற்க அது அசைந்து, படலத்தோடு இருந்த பிடி விட்டுவிடும். சுற்றியுள்ள டைல்ஸைச் சாவியால் தட்டிப் பாருங்கள், 'பொக்' என்று சத்தம் வந்தால் அடியில் வெற்றிடம்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் காரியம், ஜாலியைச் சுற்றிலும் இடுக்கை அடைக்கும் சிலிகான் பசையை அப்புவது. தயவுசெய்து வேண்டாம். சில வகை ட்ரெயின்களில், அடியில் இறங்கிய நீர் வடிவதற்கென்றே பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கும். மேலேயும் அடைத்து அதையும் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறில்லை. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அதில் பூஞ்சை வளரத் தொடங்கலாம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. ட்ரெயினுக்குள் இருக்கும் வடிகுழாயின் வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் சுவரில் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு தட்டையான பேசினில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். தானாக ஆவியாவது எவ்வளவு என்று அது சொல்லிவிடும். தரையில் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு உறுதி. கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிந்தால் அடைப்பானை உடனே திறந்துவிடுங்கள். மட்டம் அப்படியே இருந்து கீழே மட்டும் நனைகிறது என்றால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

கசிவு உறுதியானால் உடைத்துத்தான் ஆக வேண்டும். அந்த வீட்டில் ஜாலியைச் சுற்றி நாலு டைல்ஸ் எடுத்தேன். கலவை கரண்டிக்குச் சேறு மாதிரி வந்தது, மக்கிய சாக்கு வாசனையோடு. ஈரக் கலவை முழுவதையும் எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ட்ரெயினைக் கெட்டியாக உட்காரவைத்து, புதுப் படலத்தைப் பழையதன் மேல் நன்றாக ஏற்றிப் பூச வேண்டும். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் இருந்தால் தண்ணீர் தேங்காது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அதே 24 மணி நேரச் சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். அவசரப்படும் ஆள் இதைத்தான் தாண்டுவார்.

அப்புறம்தான் பூஞ்சை. சுவர் மூலையில் இருக்கும் சிலிகானுக்குள் இறங்கிய கறுப்பு தேய்த்தால் போகாது. முழுதாக அறுத்தெடுத்து, காயவைத்து, புதிதாகப் போட வேண்டும். பழையதன் மேல் புதியது ஒட்டவே ஒட்டாது. வினிகர் சிமெண்ட் கிரவுட்டை அரிக்கும். பிளீச்சோடு ஆசிட் கிளீனர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இளஞ்சிவப்பாக வழுவழுவென்று படிவது பெரும்பாலும் பூஞ்சை அல்ல, பாக்டீரியா, தேய்த்தால் போய்விடும்.

அந்த வீட்டில் இரண்டாவது சோதனையன்று தண்ணீர் கட்டிவிட்டுக் கிளம்பினேன். இரவு பத்தரைக்கு அம்மா போன் செய்தார். "கோடு அப்படியே இருக்குதுங்க. நாளைக்குக் குளிக்கலாமா?" டைல்ஸ் ஒட்டி, கிரவுட் இறுகி, சிலிகான் காய இன்னும் நாலு நாள் ஆகும் என்றேன்.