கழுத்துத் தசைக்குள் நரம்புக் கட்டி: முதலமைச்சர் காப்பீட்டில் அறுவை சிகிச்சை பெறுவது எப்படி?

ஷ்வானோமா என்பது நரம்பின் மேலுறையில் வளரும் கட்டி. புற்றுநோய் அல்ல, வருடக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். கழுத்துத் தசைக்குள் வருவது அரிது என்பதால் ஓ.பி. சீட்டில் பெரும்பாலும் கொழுப்புக் கட்டி என்றோ நெறிக்கட்டி என்றோ எழுதிவிடுகிறார்கள். காப்பீட்டு விண்ணப்பமும் அதே பெயரில் போய் மாட்டிக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் 2012 ஜனவரி முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்யலாம். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருப்பது, ஆதாரில் முன்னெழுத்து மாறியிருப்பது, இவைதான் அட்மிஷன் அன்று வேலையைக் கெடுக்கும்.

அடுத்தது நோயறிதல். கட்டியைத் தட்டினால் தோளுக்கோ கைக்கோ சுரீரென்று இழுக்கிறதா? பக்கவாட்டில் நகர்ந்து, மேலும் கீழும் நகராமல் நிற்கிறதா? இரண்டையும் மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊசி போட்டுச் செல் எடுக்கும் பரிசோதனையில் பல நேரம் போதிய செல் வராது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் கட்டி எந்தத் தசைக்குள், எந்த நரம்பை ஒட்டி இருக்கிறது என்று காட்டும். இதை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுப்பதே நல்லது. வெளியே கைக்காசு போட்டு ஸ்கேன் எடுத்துவிட்டு, பிறகு பில் நீட்டிப் பணம் வாங்க முடியாது. இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம்.

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு ஸ்கேன், மருத்துவர் குறிப்பு, காப்பீட்டு அட்டை நகல் ஆகியவற்றை ஆன்லைனில் ஏற்றி முன் அனுமதி கேட்கும். 'கழுத்து வீக்கம்' என்று மட்டும் எழுதினால் கேள்வி திரும்பி வரும். 'நரம்பு உறைக் கட்டி', அதன் அளவு, வலி அல்லது மரமரப்பு எல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால், திட்டத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. இந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

அறுவையில் உறையை நீளவாக்கில் கீறி, கட்டியை மட்டும் உள்ளிருந்து உரித்தெடுப்பார்கள். நரம்பிழைகள் உறையின் மேல் ஓரமாக ஒதுங்கி ஓடுவதால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் துணை நரம்பு அடிபட்டால் தோள் சரியும், கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். வெட்டியெடுத்த கட்டியின் திசு ஆய்வு ரிப்போர்ட் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வரும். தையல் பிரிக்கப் போகும்போது மறக்காமல் வாங்குங்கள். ஷ்வானோமா என்று உறுதியாவது அதில்தான்.