தகட்டில் அழியாத கோடுகள்

1859-இல் வெளியான கனடாவின், பீவர் என்ற விலங்கின் உருவம் கொண்ட ஐந்து சென்ட் தபால்தலை ஒன்றின் படத்தை அனுப்பிய வாசகர், அதில் சில கோடுகள் இரட்டையாகத் தெரிவதற்கு, அச்சிடும்போது தாள் நகர்ந்ததுதான் காரணமா என்று கேட்டிருந்தார். அப்படியும் நேரலாம், ஆனால் அதை அச்சிட்ட, நூறு தலைகள் கொண்ட அச்சுத் தகட்டின் 28-ஆம் இடத்துத் தலையில் இரட்டைக் கோடுகள் விழுந்ததற்குக் காரணம் தகடேதான்.

அக்காலத் தலைகள், ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கர் வளர்த்தெடுத்த எஃகுச் செதுக்கு முறையில் அச்சாயின. மென்மையான எஃகுத் துண்டில் ஒரேயொரு தலையின் உருவத்தை இடவலம் மாறியபடி குழித்துச் செதுக்கி, அதைக் கடினமாக்கி, அதன்மேல் மென்மையான எஃகு உருளையைப் பலத்த அழுத்தத்தில் உருட்டினால், பள்ளங்கள் உருளையில் மேடுகளாக எழும். பிறகு உருளையையும் கடினமாக்கித் தகட்டின் நூறு இடங்களில் உருட்டினால், மேடுகள் மீண்டும் பள்ளங்களாகும். தகட்டில் மை பூசித் துடைத்தபின் பள்ளங்களில் தங்கும் மையே ஈரத் தாளில் ஏறும்.

சுவையான பகுதி இனிமேல்தான். ஆயிரக்கணக்கான முறை துடைத்து அழுத்தியதில் தகடு தேய்ந்தாலோ, முதல் பதிவே கோணலாக விழுந்திருந்தாலோ, அதே உருளையை அதே இடத்தில் மீண்டும் உருட்டுவார்கள். சேகரிப்பாளர்கள் 'ரீ-என்ட்ரி' என்று அழைக்கும் இந்த மறுபதிவு, பழைய பள்ளங்களின்மேல் மயிரிழையும் பிசகாமல் அமைய வேண்டும். கோணலான பதிவை அழிக்க, தகட்டைப் பின்புறமிருந்து தட்டி உயர்த்தி, முன்புறத்தைச் சுரண்டி மெருகிடுவார்கள். மெல்லிய நிழற்கோடுகள் இதில் மறைந்துவிடும், ஆழமாக வெட்டப்பட்ட கோடுகளோ அடியில் தங்கிவிடும். நேற்றைய கோலம் முழுதும் அழியாத வாசலில் இன்றைய கோலத்தை இட்டதுபோல, புதிய கோட்டின் அருகே பழையது எட்டிப் பார்க்கும். உருளை சற்றே திரும்பி அமர்ந்திருந்தால் தலையின் ஒரு முனையில் கோடுகள் பொருந்தி, மறுமுனையில் விலகும் என்பதால், அது எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக்கூட ஊகிக்க முடிகிறது. கியூபெக் நகரின் 300-ஆம் ஆண்டையொட்டி 1908-இல் வந்த அரை சென்ட் தலையிலும் புகழ்பெற்ற மறுபதிவு ஒன்று உண்டு.

தகட்டில் விழும் கீறலும் ஒரு பள்ளமே. ஆகவே அதுவும் மையைப் பிடித்துக்கொள்ளும். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்காக 1935-இல் வெளியான பச்சை நிற ஒரு சென்ட் தலையில், இளவரசி எலிசபெத்தின் கண்ணுக்குக் கீழே விழுந்த சிறு குறி 'அழும் இளவரசி' என்ற பெயரைப் பெற்றது. அதே குறி தலையின் மூலையில் விழுந்திருந்தால் இத்தனை பேர் தேடியிருப்பார்களா என்பது எனக்கு ஐயம்தான். விலையில் பாதி கண்ணீர் என்ற சொல்லுக்கே போகிறது.

1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திறப்புக்கான தலை சிலவற்றில் நடுப்படம் தலைகீழாக அச்சாகியிருப்பதை இவ்வகையில் சேர்க்கலாகாது. இரண்டு நிறங்களைத் தனித்தனியே அச்சிடும்போது தாள் திரும்பிப் போனதால் வந்த பிழை அது. தகடுகள் மீது குற்றமில்லை. தகட்டுப் பிழையோ, அது திருத்தப்படும்வரை, அத்தகட்டின் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வரும்.

வாசகர் தம் தலையைப் பூதக்கண்ணாடியால் பார்க்கட்டும். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் மங்கலாகத் தடித்திருந்தால் தாளோ மையோ வழுக்கியிருக்கிறது. ஆழமாக வெட்டப்பட்ட கோடுகளின் அருகே மட்டும் கூர்மையான இரண்டாம் கோடு தெரிந்தால், அடுத்து அதை 28-ஆம் இடத்துத் தலையின் படத்தோடு ஒப்பிட வேண்டும்.